அத்தியாயம் 7: துபாயில் ஃப்ளாட் - விலைக்கு மேல் எவ்வளவு?

துபாய் ஃப்ளாட் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது "வரியே இல்லை" என்ற வாசகம். அதில் பொய்யில்லை. ஆண்டுதோறும் சொத்து வரி கேட்டு யாரும் வர மாட்டார்கள். தனிநபருக்கு வருமான வரி கிடையாது. விற்று லாபம் வந்தாலும் அந்த ஊர் அரசு அதில் பங்கு கேட்காது. ஆனால் வாங்கும் அன்றே விலையில் ஏறத்தாழ 7 விழுக்காடு கட்டணங்களாகக் கைவிட்டுப் போகும். வாங்குபவர் சென்னையிலோ கோவையிலோ குடியிருப்பவர் என்றால் இந்திய வருமான வரித் துறையும் ரிசர்வ் வங்கியும் கணக்குக்குள் வந்துவிடும். வரியில்லாத ஊரில் வாங்கிய வீட்டுக்கும் சொந்த ஊரில் வரி உண்டு என்பதுதான் இந்த அத்தியாயத்தின் சாரம்.

8,50,000 திர்ஹம் விலையுள்ள, கட்டி முடிந்த ஒரு ஃப்ளாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வாங்கும் நாள், வைத்திருக்கும் ஆண்டுகள், விற்கும் நாள் என்று மூன்று கட்டங்களிலும் அதன் செலவைப் பார்ப்போம். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்ற மாற்று விகிதம் மாறவில்லை. ரூபாய்க் கணக்குக்கு ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். நீங்கள் பணம் அனுப்பும் அன்றைய விகிதத்தைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டவர் எங்கே வாங்கலாம்?

2006-இல் வந்த 7-ஆம் எண் சட்டம் துபாய் சொத்துப் பதிவுக்கு அடிப்படை. அதன்படி வெளிநாட்டவர் முழு உரிமையுடன் வாங்குவதற்கென்று சில பகுதிகள் அறிவிக்கப்பட்டுள்ளன. துபாய் மரீனா, டவுன்டவுன், பாம் ஜுமைரா, ஜுமைரா வில்லேஜ் சர்க்கிள் போன்றவை அந்தப் பட்டியலில் வருபவை. பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போதே அது முழு உரிமைப் பகுதியா, நீண்ட காலக் குத்தகைப் பகுதியா என்று கேட்டுவிட வேண்டும். விசா இல்லாதவரும் வாங்கலாம். பாஸ்போர்ட் போதும்.

வாங்கும் நாள்: கட்டணங்கள் ஒவ்வொன்றாக

*பதிவுக் கட்டணம்.* துபாய் நிலத்துறைக்குச் செல்வது, விலையில் 4 விழுக்காடு. 2013 வரை 2 விழுக்காடாக இருந்து, அந்த ஆண்டு இரட்டிப்பானது. விதிப்படி வாங்குபவரும் விற்பவரும் ஆளுக்குப் பாதி. நடைமுறையில் முழுவதையும் வாங்குபவர்தான் கட்டுகிறார். ஒப்பந்தத்தில் யார் கட்டுவது என்று எழுதியிருப்பதே செல்லும் என்பதால், சந்தை மந்தமாக இருக்கும் நாட்களில் பாதியை விற்பவர் தலையில் வைத்துப் பேரம் பேசத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 விழுக்காடு ஆகிறது. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தெரியும். ஆனால் கூட வரும் மற்றவற்றையும் எண்ண வேண்டும்.

*உரிமைப் பத்திரம்.* ஃப்ளாட்டுக்கு 580 திர்ஹம். இதனுடன் பத்து இருபது திர்ஹம் சில்லறைக் கட்டணங்களும் ஒட்டிக்கொள்ளும்.

*டிரஸ்டி ஆபீஸ்.* பத்திரப் பதிவு பெரும்பாலும் நிலத்துறையின் சொந்த அலுவலகத்தில் நடப்பதில்லை. அத்துறை உரிமம் கொடுத்த டிரஸ்டி ஆபீஸில் நடக்கும். விலை 5 லட்சம் திர்ஹத்துக்குக் கீழே என்றால் 2,000, அதற்கு மேல் என்றால் 4,000. இதன் மேல் 5 விழுக்காடு வாட்.

*புரோக்கர் கமிஷன்.* 2 விழுக்காடு என்பது வழக்கம், சட்டம் அல்ல. அதன் மேலும் 5 விழுக்காடு வாட் உண்டு. புரோக்கர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று அவருடைய அட்டையைப் பார்த்துச் சரிபார்க்கலாம். பில்டரிடம் நேரடியாகப் புது ஃப்ளாட் வாங்கும்போது கமிஷனை பில்டரே கொடுத்துவிடுவார். அந்த இடத்தில் யாராவது உங்களிடமும் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள்.

*தடையில்லாச் சான்று.* பராமரிப்புப் பாக்கி ஏதும் இல்லை என்று பில்டர் கொடுக்கும் கடிதம். 500 முதல் 5,000 திர்ஹம் வரை ஆகும். பெரும்பாலும் விற்பவர் செலவு. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*மின்சாரம், தண்ணீர் டெபாசிட்.* ஃப்ளாட்டுக்கு 2,000, வில்லாவுக்கு 4,000 திர்ஹம். இணைப்பை நிறுத்தும்போது திரும்பக் கிடைக்கும்.

*வாட்.* குடியிருப்பு வீட்டுக்குப் பயப்பட வேண்டாம். கட்டி முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் நடக்கும் முதல் விற்பனைக்கு வாட் சுழியம். அதன் பிறகான விற்பனைகளுக்கு விலக்கு. கடை, அலுவலகம் என்றால் விலை மேல் 5 விழுக்காடு. ஹோட்டல் அபார்ட்மெண்ட் என்ற பெயரில் விற்கப்படுபவை குடியிருப்புக் கணக்கில் வராது. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நம் உதாரண விலையில் அது கூடுதலாக 42,500 திர்ஹம்.

இப்போது கூட்டிப் பார்ப்போம்:

- பதிவுக் கட்டணம்: 34,000
- உரிமைப் பத்திரம்: 580
- டிரஸ்டி ஆபீஸ், வாட் உட்பட: 4,200
- கமிஷன், வாட் உட்பட: 17,850
- மொத்தக் கட்டணம்: 56,630 திர்ஹம்

விலையில் இது 6.66 விழுக்காடு. ஃப்ளாட்டின் அடக்கவிலை 9,06,630 திர்ஹம். டெபாசிட்டையும் சேர்த்தால் கையில் இருக்க வேண்டியது 9,08,630.

விற்பவருடன் ஒப்பந்தம் போடும்போது "ஃபார்ம் எஃப்" என்ற அரசுப் படிவத்தில் கையெழுத்திட்டு, விலையில் 10 விழுக்காட்டுக்கு ஒரு செக் கொடுப்பது வழக்கம். பதிவன்று மீதிப் பணம் மேனேஜர்ஸ் செக்காகப் போகும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டிக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். நிலத்துறை தானே மதிப்புப் போட்டு அதன் மேல் கட்டணம் கேட்க முடியும். குறைத்துக் காட்டிய விலை பின்னால் நீங்கள் விற்கும்போது இந்திய வரிக் கணக்கில் லாபத்தைப் பெரிதாக்கும்.

கடனில் வாங்குபவருக்கு

அமீரகத்தில் வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கு, 50 லட்சம் திர்ஹம் வரையிலான முதல் வீட்டுக்கு வங்கிகள் 80 விழுக்காடு வரை கடன் தரலாம். கட்டி முடியாத வீட்டுக்கு 50 விழுக்காடுதான். கடன் வாங்கினால் கூடுதலாக வருபவை: அடமானப் பதிவுக்குக் கடன் தொகையில் 0.25 விழுக்காடும் 290 திர்ஹமும். வங்கியின் செயலாக்கக் கட்டணம் 1 விழுக்காடு வரை. வீட்டை மதிப்பிடுபவருக்கு சுமார் 3,000. பின்னிரண்டுக்கும் வாட் உண்டு.

நம் ஃப்ளாட்டுக்கு 6,80,000 கடன் என்றால் இந்த வகையில் 12,280 திர்ஹம் ஆகிறது. கைக்காசாக வேண்டியது 1,70,000 முன்பணம், 56,630 கட்டணம், 12,280 கடன் செலவு. மொத்தம் 2,38,910 திர்ஹம். "20 விழுக்காடு இருந்தால் போதும்" என்று நினைத்து வருபவரிடம் உண்மையில் 28 விழுக்காடு இருக்க வேண்டும். 2025 பிப்ரவரி வரை சில வங்கிகள் பதிவுக் கட்டணத்தையும் கமிஷனையும்கூடக் கடனில் சேர்த்துக் கொடுத்தன. மத்திய வங்கி அதை நிறுத்திவிட்டது.

கட்டி முடியாத வீடு

புதுத் திட்டங்களில் பத்திரத்துக்குப் பதிலாக "ஊகூத்" என்ற இடைக்காலப் பதிவு நடக்கும். 4 விழுக்காட்டை முன்பதிவின்போதே கட்ட வேண்டும். வீடு கைக்கு வர மூன்று ஆண்டுகள் ஆகலாம். கட்டணம் இன்றே போய்விடும். "நிலத்துறைக் கட்டணம் தள்ளுபடி" என்ற விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு எதையும் தள்ளுபடி செய்வதில்லை. பில்டர் உங்கள் சார்பில் கட்டுகிறார், விலையில் அதை ஈடுகட்டியிருக்கிறாரா என்று பக்கத்துத் திட்டத்தின் சதுர அடி விலையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

2007-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டப்படி உங்கள் தவணைகள் அந்தத் திட்டத்துக்கென்று திறந்த எஸ்க்ரோ கணக்கில்தான் சேர வேண்டும். பில்டரின் வேறு கணக்குக்கோ புரோக்கரின் கணக்குக்கோ ஒரு திர்ஹம்கூட அனுப்பாதீர்கள்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்பும்போது

இது இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கான பகுதி. வளைகுடாவில் வேலை பார்த்து அங்கேயே சம்பாதித்த பணத்தில் வாங்குபவருக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. அவர் பின்னாளில் ஊர் திரும்பினாலும் வெளிநாட்டில் இருந்தபோது வாங்கிய சொத்தைத் தொடர்ந்து வைத்திருக்க ஃபெமா சட்டம் அனுமதிக்கிறது.

ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். திர்ஹத்தில் 9,18,125. இந்த வரம்பு வீட்டு விலைக்கு மட்டும் பொருந்துவதல்ல, அந்த ஆண்டு நீங்கள் அனுப்பும் எல்லாவற்றுக்கும் சேர்த்து. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், சுற்றுலாச் செலவு எல்லாம் இதற்குள் அடங்கும். நம் உதாரணத்தில் தேவைப்படும் 9,08,630 திர்ஹம் என்பது ஏறத்தாழ 2,47,415 டாலர். மயிரிழையில் உள்ளே வருகிறது. விளம்பரத்தில் 9 லட்சம் திர்ஹம் என்று பார்த்து, வரம்புக்குள் இருக்கிறதே என்று முன்பணம் கொடுப்பவர், கட்டணங்கள் சேர்ந்ததும் வரம்பைத் தாண்டிவிடுவார். ஒருவர் ஒரே ஆண்டில் தனியாக வாங்குவதென்றால் எட்டரை லட்சம்தான் நடைமுறை உச்சம்.

அதற்கு மேல் விலையுள்ள வீடு என்றால் குடும்பத்தினர் சேர்ந்து அனுப்பலாம். ஆனால் பணம் அனுப்புபவர் ஒவ்வொருவரும் பத்திரத்தில் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். மனைவி பெயரில் பணம் போய், பத்திரம் கணவர் பெயரில் மட்டும் என்பது செல்லாது. பிறகு பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டாலும் செலவுதான்: நெருங்கிய உறவுக்குள் தானமாக மாற்றினால் துபாயில் கட்டணம் 0.125 விழுக்காடு மட்டுமே என்றாலும், டிரஸ்டி ஆபீஸ், பத்திரம் என்று மற்றவை மறுபடி வரும். முதல் நாளே சரியான பெயர்களில் பதிவதே சிக்கனம்.

அடுத்தது டி.சி.எஸ். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு, சொத்து வாங்கும் காரணத்துக்கு, வங்கி 20 விழுக்காடு பிடிக்கும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. நம் உதாரணத்தில் அனுப்பும் தொகை 2,18,07,120 ரூபாய். அதில் 10 லட்சம் போக மீதிக்கு டி.சி.எஸ். 41,61,424 ரூபாய். இது செலவில்லை, உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சியதைத் திரும்பப் பெறலாம். மாதச் சம்பளக்காரர் இதை நிறுவனத்திடம் காட்டிச் சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனாலும் நாற்பது லட்சத்துக்கு மேல் பல மாதங்கள் வட்டியில்லாமல் முடங்கும். நிதியாண்டின் தொடக்கத்தில் அனுப்பினால் முடங்கும் காலம் நீளும். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று பிரித்தால் 10 லட்சம் விலக்கும் இரண்டரை லட்சம் டாலர் வரம்பும் இரண்டு முறை கிடைக்கும். கூட்டாக வாங்கினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விலக்கு.

செய்யக்கூடாதவை மூன்று. ஹவாலா வழியில் ஒரு பைசாவும் அனுப்பக் கூடாது. இந்திய வங்கியில் கடன் வாங்கி இந்தத் திட்டத்தில் சொத்துக்கு அனுப்ப வழியில்லை. வங்கிகள் அதற்குக் கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கண்காட்சி அரங்கில் வைத்து கிரெடிட் கார்டைத் தேய்த்து முன்பதிவு செய்வதும் கூடாது. கார்டு நடப்புச் செலவுகளுக்கானது, சொத்துக்கானதல்ல. வீடு கைக்கு வந்த பிறகும் பல ஆண்டுகள் தவணை ஓடும் திட்டங்களை, கடன் வாங்கியதற்குச் சமம் என்று அமலாக்கத் துறை கேள்வி கேட்கக்கூடும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

வைத்திருக்கும் ஆண்டுகள்

துபாயில் ஆண்டுச் செலவு முதலாவதாகப் பராமரிப்புக் கட்டணம். சதுர அடிக்கு இத்தனை திர்ஹம் என்று கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். நீச்சல் குளமும் பெரிய லாபியும் உள்ள கோபுரங்களில் அதிகம். வீடு காலியாக இருந்தாலும் கட்ட வேண்டும். பாக்கி வைத்தால் தடையில்லாச் சான்று கிடைக்காது. வாடகைக்கு விட்டால் ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு வீட்டுக் கட்டணமாக மின் பில்லோடு மாதாமாதம் சேர்ந்து வரும். அது குடியிருப்பவர் பொறுப்பு.

இந்தியாவில் குடியிருப்பவருக்கு அந்த வாடகை இங்கே வருமானம். இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, அதனால் வரி இல்லை என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளத்தான் ஒப்பந்தம் உதவும். அங்கே கட்டியது சுழியம் என்றால் இங்கே கழிக்கவும் ஒன்றும் இல்லை. வாடகையில் 30 விழுக்காடு நிலைக் கழிவு போக, மீதிக்கு உங்கள் வரி அடுக்குப்படி வரி.

விளம்பரம் ஒன்று "7 விழுக்காடு வருமானம்" என்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8,50,000-க்கு ஆண்டு வாடகை 60,000 என்றால் அந்த எண் வரும். இப்போது கழியுங்கள். ஃப்ளாட் 800 சதுர அடி, பராமரிப்பு சதுர அடிக்கு 15 திர்ஹம் என்றால் 12,000. வாடகையில் 30 விழுக்காடு கழிவு போக 42,000-க்கு 30 விழுக்காடு அடுக்கில் வரியும் 4 விழுக்காடு செஸ்ஸும் சேர்ந்து 13,104. கையில் நிற்பது 34,896. அதை 9,06,630 அடக்கவிலையால் வகுத்தால் 3.85 விழுக்காடு. இதில் வீடு ஒரு மாதம்கூடக் காலியாக இல்லை, பழுது எதுவும் வரவில்லை, பார்த்துக்கொள்ள யாருக்கும் காசு கொடுக்கவில்லை. துபாயிலேயே வசிப்பவருக்கு அதே ஃப்ளாட் 5.3 விழுக்காடு தரும். ஒரே வீடு, இரண்டு விலாசங்கள், இரண்டு வருமானம்.

வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வீட்டை ஒவ்வோர் ஆண்டும் காட்ட வேண்டும். வாடகை வராவிட்டாலும் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். 20 லட்சம் ரூபாய் வரையிலான சிறு வெளிநாட்டுச் சொத்துகளுக்கு 2024 அக்டோபர் முதல் சலுகை உண்டு. வீடு, மனை போன்ற அசையாச் சொத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

விற்கும் நாள்

விற்பவர் பக்கத்தில் துபாய்ச் செலவு குறைவு: தடையில்லாச் சான்று, விற்பவருக்காக வேலை செய்த புரோக்கருக்குக் கமிஷன், கடன் பாக்கியிருந்தால் முன்கூட்டியே அடைப்பதற்கு பாக்கித் தொகையில் 1 விழுக்காடு அல்லது 10,000 திர்ஹம், எது குறைவோ அது.

இந்தியாவில் குடியிருப்பவர் லாபத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டும். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 விழுக்காடு, மேல்வரிகள் தனி. அதற்குள் விற்றால் உங்கள் வழக்கமான அடுக்கு. வாங்கும்போது கட்டிய பதிவுக் கட்டணமும் கமிஷனும் அடக்கவிலையில் சேரும் என்பதால் அந்த ரசீதுகளைத் தொலைக்காதீர்கள். லாபத்தை வேறு வீட்டில் போட்டு விலக்குப் பெற நினைத்தால் அந்த வீடு இந்தியாவில் இருக்க வேண்டும். எல்.ஆர்.எஸ். வழியில் அனுப்பி வாங்கிய சொத்தின் விற்பனைப் பணத்தை விதிகளுக்கு உட்பட்டு மறுமுதலீடு செய்யாவிட்டால் 180 நாட்களுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன் சரிபார்க்க

1. பகுதி முழு உரிமைப் பகுதியா? பதிவேட்டில் குடியிருப்பு என்று இருக்கிறதா, ஹோட்டல் அபார்ட்மெண்டா?
2. 4 விழுக்காடு, தடையில்லாச் சான்று, கமிஷன் ஆகியவற்றை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா?
3. கடந்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டண ரசீதைப் பார்த்தீர்களா? பாக்கி உண்டா?
4. கட்டணங்கள் உட்பட மொத்தத் தொகை இந்த ஆண்டு உங்களுக்கு மிச்சமிருக்கும் டாலர் வரம்புக்குள் வருகிறதா?
5. டி.சி.எஸ். முடங்கும் தொகைக்குத் தனியாகப் பணம் வைத்திருக்கிறீர்களா?
6. பணம் அனுப்பும் எல்லோருடைய பெயரும் பத்திரத்தில் வருகிறதா?
7. வங்கி கொடுத்த அனுப்பீட்டு ரசீது, டி.சி.எஸ். சான்று, டிரஸ்டி ஆபீஸ் ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் வைக்க ஏற்பாடு செய்தீர்களா?

கோல்டன் விசாவுக்காக வாங்குபவர்களுக்கு ஒரு சொல். பத்தாண்டு விசாவுக்குச் சொத்து மதிப்பு 20 லட்சம் திர்ஹம் வேண்டும். கட்டணங்கள் அதில் எண்ணப்படுவதில்லை. இந்தியாவிலிருந்து அனுப்பி வாங்குவதென்றால், முன் கணக்குப்படி, ஒருவருடைய ஓராண்டு வரம்பில் இது முடியாது. கணவனும் மனைவியும் சேர்ந்து அனுப்பினாலும் ஒரே நிதியாண்டில் 18,36,250 திர்ஹம்தான் ஆகும். ஆகவே மார்ச் மாதத்திலேயே திட்டமிடத் தொடங்குங்கள். விற்பவரிடம் பதிவுத் தேதியை ஏப்ரலுக்குப் பிறகு வைக்கச் சொல்லி, அதை ஃபார்ம் எஃப்-இல் எழுதி வாங்குங்கள். தேதி தவறினால் ஆபத்தில் இருப்பது நீங்கள் கொடுத்த 10 விழுக்காட்டு செக்.